கீரப்பாளையத்து வளைவு வரைக்கும்

இன்று காலை பீரோவின் அடித்தட்டில் எதையோ தேடப்போய் உங்கள் குரங்குக் குல்லா கையில் வந்தது. துவைக்காமலேதான் வைத்திருக்கிறேன். அந்துருண்டை நாற்றத்தை மீறி உங்கள் தேங்காயெண்ணெய் வாசனை கொஞ்சம் இருக்கிறது. போன மார்கழியில் இதைவிட அதிகமாக இருந்தது. அடுத்த மார்கழிக்கு என்ன மிஞ்சும் என்ற நினைப்பு வந்ததும் பீரோவைச் சாத்திவிட்டேன்.

கல்யாணமான புதிதில், கடலூர் வாடகை வீட்டில், இந்தக் குல்லாவோடு உங்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது எனக்கு. 2006, குளிர்கால ஒலிம்பிக். டிவியில் பெண்கள் காலில் பலகை கட்டிக்கொண்டு, இரண்டு குச்சிகளை ஊன்றிப் பனிமேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் ஃபேனை நிறுத்திவிட்டு, குல்லாவை மாட்டிக்கொண்டு, வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தீர்கள்.

"அவுங்க அங்க வெறச்சிப் போறாங்க. நாம ஃபேன் போட்டுக்கினு பாத்தா மரியாதயா?"

ஜெயித்தவள் கொடியைப் போர்த்திக்கொண்டு அழுது முடித்த பிறகும் சேனலை மாற்ற விடவில்லை. கடைசியாக வந்தவள் கோட்டைத் தாண்டிப் பொத்தென்று விழும்வரை பார்த்தீர்கள். "மொதல்ல வந்தவளுக்கு ஊரே நிக்குது. இவளுக்கு நாமளாவது இருக்க வேணாமா?"

நானும் ஓடிப் பார்க்கட்டுமா என்று சும்மாதான் கேட்டேன். மறுநாள் விடியலில் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் கொண்டுபோய் இறக்கிவிட்டீர்கள். ஒரு படகிலிருந்து அடுத்த படகுக்குப் போவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. "போதும், நாளைக்கு இன்னொரு படகு" என்றீர்கள். அப்படித்தான் படகு படகாக நான் ஓடக் கற்றது.

எனக்குச் சிதம்பரத்துக்கு மாற்றல் வந்தது. நீங்கள் அங்கிருந்து பஸ் பிடித்துச் சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்வந்தீர்கள். படகுகள் இல்லாத ஊரில் வாய்க்கால் மதகு, அப்புறம் ரைஸ் மில், அப்புறம் அடுத்த ஊர் என்று நீண்டு, ஒருவழியாகக் கீரப்பாளையம்வரை ஓட வந்துவிட்டது. நீங்கள் மொபெட்டில் முன்னால் போய், ரோட்டு வளைவுக்கு அந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சில் குல்லாவும் மஃப்ளருமாகக் காத்திருப்பீர்கள். மார்கழி விடியலில் இரண்டு பக்கமும் வயல் தெரியாமல் பனி மூடியிருக்கும். "அதுக்கும் பனிதான், இதுக்கும் பனிதான். நீயும் பனி வெளயாட்டுக்காரிதான் போ" என்பீர்கள்.

டீக்கடை அக்காவுக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை. பெஞ்சில் சுருண்டு கிடக்கும் புருஷன், மூச்சிரைக்க ஓடிவரும் பொண்டாட்டி. அவள் வேறு என்ன நினைப்பாள்?

"எந்தச் சாமிக்கும்மா வேண்டுதல்? அவருக்கு ஒடம்புக்கு என்னா?"

நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "நெஞ்சு கொஞ்சம் வீக்குக்கா" என்றீர்கள். திரும்பும்போது நாம் சிரித்த சிரிப்பில் மொபெட் வாய்க்காலுக்குள் போகப் பார்த்தது. "நெசத்தச் சொல்லிடாத. ஓடறதுக்காவ ஓடறோம்னா பைத்தியம்னுடுவாங்க."

வாய்முகூர்த்தம் என்பார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஏன் மாமா அப்படிச் சொன்னீர்கள்? கால் சுளுக்கு என்று சொல்லியிருக்கக் கூடாதா?

2010 மாசியில் மறுபடி குளிர்கால ஒலிம்பிக் வந்தது. குல்லாவோடு உட்கார்ந்தீர்கள். "வர்ற மார்கழில கீரப்பாளையம் போயி, நிக்காம திரும்பி ஊடு வந்துடணும். நீ வளைவு திரும்புனதும் நான் எழுந்து நின்னு கைதட்டுவேன்" என்றீர்கள். ஐப்பசி மழையில், சிப்காட்டில் பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே சரிந்தீர்கள் என்று சேதி வந்தது. நெஞ்சுதான் என்றார்கள்.

ஒரு வருஷம் ஓடுகிற ஷூவை நான் தொடவில்லை. போன மார்கழியில் எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று தனியாகக் கிளம்பினேன். வளைவு திரும்பினேன். பெஞ்சில் யாரோ செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என் நெற்றியைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். டீ ஆற்றிக்கொண்டிருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இவ்ளோ தூரம் ஓடியாந்தியேம்மா. அந்தச் சாமிக்குக் கண்ணு இல்லயா?"

வேண்டுதல் எதுவும் இல்லை அக்கா, எல்லாம் விளையாட்டு என்று சொல்ல வாய் வரவில்லை. அத்தனை மார்கழியில் ஒருநாளாவது உங்களுக்காக வேண்டிக்கொண்டு ஓடியிருக்கலாமே என்று அங்கேயே உடைந்துபோனேன். திரும்பி ஓட முடியவில்லை. பஸ்ஸில்தான் வீட்டுக்கு வந்தேன்.

இந்த மார்கழியிலும் ஓடுகிறேன். உடம்புக்கு நல்லது என்று கேட்பவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். எனக்கு எதற்கும் நல்லதாகத் தெரியவில்லை. மதகைத் தாண்டி, மில்லைத் தாண்டி வளைவு வரைக்கும் போவேன். அங்கே கொஞ்சம் நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பிவிடுவேன். நின்றுவிட்டால் அது கணக்கில்லை என்று தெரியும். ஆனால் திருப்பத்தைத் தாண்டினால் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள் மாமா. தாண்டாதவரைக்கும், அந்தப் பக்கம், கடைசியாக வருகிறவளுக்காக நீங்கள் இருக்கிறீர்கள்.