சபை எழுந்து நின்ற நாள்

ஜூலை 27, ஞாயிறு

விடியலிலிருந்து மழை. சந்தில் கணுக்கால் தண்ணீர். அந்தத் தண்ணீரிலேயே துர்கா பூஜைப் பந்தலுக்கு முதல் மூங்கில் நட்டுவிட்டார்கள். போன வருடம் அதில் ஏறி சீரியல் விளக்குக் கட்டியவன் தம்பி செந்தில். கல்கத்தாவின் இந்த பெஹாலா பேட்டை முழுவதும் தன்னை நம்பித்தான் இருக்கிறது என்று நினைப்பு அவனுக்கு. இந்த வருடம் வேறு யாரோ ஏறுவார்கள்.

செய்ய வேண்டியது:
பென்சில் சீவ.
அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை.
தம்பியின் சிம்மை ரத்து செய்ய. (இந்த மாதமும் முடியாது. தெரியும்.)

வாசலில் அவன் ஷூ இன்னும் இருக்கிறது. அம்மா தினமும் அதை நகர்த்திப் பெருக்கிவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைக்கிறாள்.

நாளை சட்டசபை கூடுகிறது.

ஜூலை 28, திங்கள்

பஸ்ஸில் நின்றபடியே எஸ்பிளனேடு வரை. புடவை முழங்கால் வரை ஈரம்.

முதல் நாள், ஆகவே இரங்கல் மட்டும். இறந்துபோன முன்னாள் உறுப்பினர்களின் பெயர்களைச் சபாநாயகர் வாசித்தார். பிறகு எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனம். சபாநாயகரின் இருக்கைக்குக் கீழே, நட்ட நடுவில் எங்கள் மேசை. சபைப் பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுக்கும் ரிப்போர்ட்டர்கள் நாங்களும் பென்சிலை வைத்துவிட்டு நிற்போம். ஆங்கிலத்துக்கு நான், வங்காளத்துக்கு மிதாலி-தி, மிதாலி அக்கா. சபை நடக்கும்போது எங்கள் கை ஓய்வது அப்போது ஒன்றுதான்.

சபை கலைந்ததும் புதன்கிழமை நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்தது. மூன்றாவது வரி: கிடங்குத் தீ விபத்து, கமிட்டி அறிக்கை சமர்ப்பித்தல். ஒரு வரிதான். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மிதாலி-தி பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தாள்.

மார்ச்சில் கார்டன் ரீச் பக்கம் ஒரு தனியார் கிடங்கு எரிந்தது. அங்கே ஸ்டோர் கணக்குப் பார்த்தவன் தம்பி. பின்பக்கக் கதவுக்கு வெளியே பூட்டு. அதற்கு மேல் எழுத முடியவில்லை.

அம்மாவிடம் புதன்கிழமை என்று சொன்னது தப்பு. முகம் மலர்ந்துவிட்டது. ஐந்து மாதமாக நான் பார்க்காத முகம்.

"அப்ப அன்னிக்கு செந்திலுக்கு எல்லாரும் எழுந்து நிப்பாங்கல்ல?"

இது நான் பண்ணிய வேலை. எத்தனை வருடமாக ஒவ்வொரு கூட்டத்தொடரின் முதல் நாளும் வீட்டுக்கு வந்து, இன்று இன்னாருக்கு இரங்கல், எல்லோரும் எழுந்து நின்றோம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்! செத்தவன் பெயர் சபைக்கு வந்தால் சபை எழுந்து நிற்கும் என்று அவள் மனதில் பதிந்துவிட்டது. அறிக்கையைச் சமர்ப்பிப்பது என்றால் ஒருவர் எழுந்து ஒரு வாக்கியம் சொல்வார், புத்தகத்தை மேசையில் வைப்பார், அவ்வளவுதான். பெயர்கள் கடைசிப் பக்கத்து இணைப்பில் இருக்கும். யாரும் வாசிக்கமாட்டார்கள்.

"பாக்கலாம்மா" என்றேன்.

ஜூலை 29, செவ்வாய்

மழை விட்டது. புழுக்கம். மாத்திரை வாங்கியாயிற்று.

சபையில் இரண்டு மசோதா, குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறின. ஒரு பல்கலைக்கழகத் திருத்தம், ஒரு வரித் திருத்தம். பின்வரிசையில் ஒருவர் நன்றாகவே தூங்கினார். பேச்செல்லாம் வங்காளத்தில், ஆகவே மிதாலி-திக்குக் கை ஒடிந்தது. என் பக்கம் காலி. நான் கமிட்டித் தலைவர் நாளை சொல்லப்போகும் வாக்கியத்தையே மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன்.

இன்று அம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தேன். வந்தால், கட்டிலில் என் வெள்ளைக் கைத்தறிப் புடவை, கஞ்சி போட்டு இஸ்திரி செய்து கிடக்கிறது. பக்கத்து வீட்டு வங்காள அண்ணி, பௌதியிடமும் சொல்லியிருக்கிறாள். பௌதி என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. அவளுக்கு சபை விவகாரம் தெரியும். தினமும் பேப்பரை வரி விடாமல் படிப்பவள்.

"நாளைக்குக் கலர் கட்டாத. எல்லாரும் நிக்கறப்ப நீ அவன் அக்காவா நிக்கணும்" என்றாள் அம்மா.

"அம்மா, அது வந்து..."

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. மடிப்பு நல்லா இருக்கு."

கோழை நான்.

தம்பி என்னை அக்கா என்று கூப்பிட்டதே இல்லை. தீதி, தீதிதான். "தமிழ்ப் பையனாடா நீ"ன்னு அம்மா திட்டுவாள். "கல்கத்தாப் பையன்மா"ன்னு சிரிப்பான்.

ஜூலை 30, புதன்

வெயில். வெள்ளைப் புடவை.

வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரியும்.

கேள்வி நேரம் முடிந்தது. கமிட்டித் தலைவர் எழுந்தார். அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம். என் பக்கம். எழுதினேன். சுருக்கெழுத்தில் ஒரு சின்னக் கொக்கி, ஒரு கோடு, முடிந்தது. தடித்த புத்தகம் ஒன்று மேசைக்கு வந்தது. கை நீட்டினால் தொடலாம். தொடவில்லை. அடுத்து மசோதா என்றார்கள்.

அப்போது எதிர்க்கட்சிப் பின்வரிசையில் கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்தார். இதன்மேல் விவாதம் வேண்டும் என்றார். நிரலில் இல்லை, உட்காருங்கள் என்றார் சபாநாயகர். அவர் உட்காரவில்லை. கடைசிப் பக்கத்தைத் திறந்து செத்தவர்கள் பெயர்களை வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

மைக் போய்விட்டது. கத்தி வாசித்தார். இந்தப் பக்கத்து ஆட்கள் எழுந்து கத்த, அந்தப் பக்கத்து ஆட்களும் எழுந்து கத்த, மொத்த சபையும் நடுவே இறங்கி எங்கள் மேசையைச் சூழ்ந்துவிட்டது. அந்தக் கூச்சலுக்கு நடுவில் கேட்டேன். ஷெந்தில்குமார். வங்காள வாயில், அவனே தன் பெயரைச் சொல்லிக்கொள்வது மாதிரி. என் தலைக்கு மேலே.

உடனே சபாநாயகர், ஆங்கிலத்தில்: இது எதுவும் குறிப்பில் ஏறாது.

ஆங்கிலம் என்னுடையது. அந்த வாக்கியத்தை நான்தான் எழுதினேன். அதை எழுதியபோது அழுகை வரவில்லை, கோபம் வந்தது. பென்சில் முனை உடைந்தது. யாரோ மேசையில் மோத, தாள்கள் பறந்தன. நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழுந்தோம், நானும் மிதாலி-தியும். சபை ஒத்திவைக்கப்படும் வரை உட்கார இடமே இல்லை.

மிதாலி-தி காதில் சொன்னாள்: "நாம்டா லிகே ஃபேலேச்சி ரே." பெயரை எழுதிவிட்டேனடி.

வீடு. அம்மா கதவருகிலேயே நின்றிருந்தாள்.

"அவன் பேரச் சொன்னாங்களா?"

"சொன்னாங்கம்மா."

"நின்னாங்களா?"

நான் செருப்பைக் கழற்றவே இல்லை.

"நின்னாங்கம்மா. எல்லாரும் நின்னாங்க."

"ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாருமா?"

"ஒருத்தர்கூட உக்காரல."

"நீ?"

"நானும்தான்."

"எவ்வளவு நேரம்?"

"ரொம்ப நேரம்மா."

"பெரிய பெரிய தலைவருக்கே ரெண்டு நிமிஷம்தான்னு சொல்லுவியே" என்றாள். அப்படியே சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். மார்ச்சிலிருந்து அவள் அழுது நான் பார்க்கவில்லை. நானும் உட்கார்ந்தேன். புடவைக் கஞ்சி எல்லாம் போயிற்று.

ஜூலை 31, வியாழன்

மறுபடி மழை.

ஆபீசில் நேற்றைய பக்கங்கள் திருத்தம். மிதாலி-தியின் தாளில் பெயர்கள் மேல் எடிட்டர் ஒரே கோடாக அடித்துவிட்டார். அவர் வேலை அது. அவர்மேல் கோபமில்லை. பெயர்கள் இருந்த இடத்தில் இப்போது ஒரே சொல்: கூச்சல். என் வாக்கியம் மட்டும் ஓர் எழுத்தும் குறையாமல் அப்படியே.

மத்தியானம் சாப்பிடவில்லை.

சாயங்காலம் வந்தபோது பௌதி எங்கள் வீட்டில். கையில் வங்காளப் பேப்பர். சபையில் ரகளை, ஒத்திவைப்பு என்று முதல் பக்கத்திலேயே வந்திருந்ததைக் காலையில் பஸ்ஸில் பார்த்திருந்தேன்.

அம்மா அவளிடம் வங்காளத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள், எல்லோரும் எழுந்து நின்றார்கள், என் பையனுக்காக, கட்சி பார்க்காமல், என்று. பௌதி என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹ்யா மாஷிமா, காகொஜேஓ தியேச்சே." ஆமாம் பெரியம்மா, பேப்பரிலும் போட்டிருக்கிறார்கள்.

"எங்க?" என்றாள் அம்மா.

பௌதி முதல் பக்கத்தைக் காட்டினாள். அம்மா அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பேப்பரை வாங்கி மடித்து, தம்பி படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

ஷூவை இன்று வாசலில் காணோம். அம்மா உள்ளே எடுத்து வைத்துவிட்டாள்.

இத்தனை வருடத்தில் அம்மாவுக்கு வங்காளம் சரளமாகப் பேச வந்துவிட்டது. படிக்க மட்டும் வராது.