சுக்கான் அவரிடம், பாய் என்னிடம்

லோக்ஸ்தூர்,
அக்டோபர் கடைசி ஞாயிறு.

அன்புள்ள கிரேத்தவுக்கு,

இங்கே நலம். உங்கள் நூக்கில் இந்நேரம் பனி கொட்ட ஆரம்பித்திருக்கும். நீ கேட்ட உப்பு மிட்டாயும் கம்பளிக் காலுறைகளும் தனிப் பார்சலில் வருகின்றன. மிட்டாயை ஒரே நாளில் தின்று தீர்க்காதே, உன் இரத்த அழுத்தத்துக்கு ஆகாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நடந்ததை நினைத்து நினைத்து மண்டை காய்ந்துவிட்டது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது. உன் அண்ணனோடு கூடப் பிறந்தவள் நீ. உனக்காவது புரிகிறதா பார்.

ஏப்ரலில் உன் அண்ணன் பிரெபென், பேக்கரி மாடியில் தனியாக அறை எடுத்துக்கொண்டு போனதிலிருந்து நாங்கள் படகைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொள்கிறோம். சண்டை ஒன்றுமில்லை. சண்டை போடவாவது வாயைத் திறக்க வேண்டுமே, அவர்தான் கல்லுளிமங்கன் ஆயிற்றே. எங்கள் படகு அல்மாவை இந்தக் குளிர்காலத்தில் விற்றுவிடுவது, அது முடிந்ததும் விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவது என்று முடிவு செய்திருந்தோம். ஓல்போர்க்கிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் அடுத்த சனிக்கிழமை படகைப் பார்க்க வருவதாக ஏற்பாடு.

கோடை முழுக்க அல்மா எதிர்க்கரையில் நின்றாள். அவளைப் படகுக் கிளப் கொட்டகைக்குக் கொண்டுவர இரண்டு பேர் வேண்டும். அதனால் நேற்றுக் காலை நானும் போனேன். படகுக் காலம் முடிந்து நண்பகலில் கிளப் கொடியை இறக்குகிற நாள் அது. கொடி இறங்கின பிறகும் தண்ணீரில் இருக்கிற படகுக்காரன் எல்லோருக்கும் ஸ்னாப்ஸ் சாராயம் வாங்கித்தர வேண்டும், உனக்குத் தெரியாததா.

காற்று நன்றாகத்தான் இருந்தது. அவர் சுக்கானைத் திருப்ப, நான் கயிற்றை இழுக்க, ஒரு வார்த்தை பேசாமலே வேலை நடந்தது. காப்பி ஊற்றிக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன், அவரும் கேட்காமல் குடித்தார். மணல்திட்டுக்கு முன்னால் நேராக வராமல் சுற்றுவழியில் படகைத் திருப்பினார். நேரமாகிறது, நேராகப் போங்கள் என்றேன். “ஆழம் பத்தாது” என்றார். கிரேத்த, தண்ணீருக்குள் இறங்கியிருக்கிற அல்மாவின் அடிப்பலகையை மேலே தூக்கிவிட்டால் அந்தத் திட்டைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டலாம். வருஷா வருஷம் தாண்டியிருக்கிறோம். எங்களுக்குக் கல்யாணமான வாரமே அவர்தான் எனக்கு அதைக் காட்டிக் கொடுத்தார்.

சுற்றுவழியில் காற்றும் அடங்கிவிட்டது. துடுப்புப் போட்டுத்தான் துறைக்குள் வந்தோம். கிளப் தலைவர் ஹோல்கர் கொடிக்கயிற்றை இறக்காமல் பிடித்துக்கொண்டே நின்றிருந்தார். “ஏம்ப்பா, ரெண்டு பேரும் தேனிலவுக்கா போனீங்க? இங்க பட்டாணி சூப்பு ஆறிப்போச்சு, என் கையும் விறைச்சுப்போச்சு!” என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் எங்கள் கதை ஞாபகம் வந்து, அத்தனை பேரும் ஒன்றாகக் குனிந்து சூப்புக் கிண்ணத்தைப் பார்த்தார்கள். எனக்கு ஓடிப்போய்விடலாமா என்று இருந்தது. உன் அண்ணனோ காது வரை சிவந்து, “ஸ்னாப்ஸ் நான் வாங்குறேன்” என்றார். கொடியே இறங்கவில்லை, இவர் எதற்கு வாங்க வேண்டும்?

இதையெல்லாம் விடு. பாய்மரத்தைக் கழற்றி அல்மாவைக் கொட்டகையில் ஏற்றினோம். வாங்க வருகிறவர் பார்க்கவேண்டும் என்பதால் பாய், சுக்கான் எல்லாவற்றையும் படகோடு வைப்பது என்றுதான் பேச்சு. நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் இரண்டு பாயையும் மடித்து என் சைக்கிள் வண்டியில் கட்டியிருந்தார். “கொட்டகையில எலி இருக்கு. மாடியில காயப்போடு” என்றார். சுக்கானை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். இது எங்கே போகிறது என்று கேட்டேன். “வார்னிஷ் அடிக்கணும்” என்றார். விற்கப்போகிற படகுக்கு வார்னிஷ் எதற்கு என்றேன். சுக்கானை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். “குளிர்காலத்துல எப்பவும் அடிக்கிறதுதானே” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

நல்ல விலை வரட்டும் என்று செய்கிறாரா? அப்படியும் இருக்கலாம், சிக்கனக்காரர்தான். இல்லை, வெறும் பழக்கமா? வருஷா வருஷம் பாய் என் மாடிக்கும் சுக்கான் அவர் பட்டறைக்கும் போகும், கை தானாகச் செய்திருக்கும். ஆனால் ஒன்று, இப்போது அவர் சுக்கானோடு வராமல் நானும், நான் பாயோடு வராமல் அவரும் அல்மாவைத் தண்ணீரில் இறக்க முடியாது. அது தெரிந்துதான் செய்தாரா? ஒரு நிமிஷம் அப்படித் தோன்றுகிறது. மறு நிமிஷம், ஏமாறப் பார்க்கிறாயா, போடில்? என்று என்னையே திட்டிக்கொள்கிறேன்.

அவர் கதைதான் இப்படி என்றால் என் கதை அதைவிட மோசம். இன்று காலை அந்த ஆசிரியர் போன் செய்தார். சனிக்கிழமை வரலாமா என்றார். வாருங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பெரிய பாய் கிழிந்திருக்கிறது, தைத்து முடிக்க வசந்தம் ஆகிவிடும் என்று வந்துவிட்டது. பிறகு பேக்கரிக்குப் போன் போட்டு, உன் அண்ணனிடம் சொல்லும்படி அங்கே வேலை செய்கிற பெண்ணிடம் அதையே சொல்லிவைத்தேன். மாலையில் அவள் மூலம் அவர் பதில் வந்தது: “பரவாயில்லை, அவசரமில்லாமல் தைக்கட்டும்.” பாயைக் கட்டியவர் அவர். ஒவ்வொரு மடிப்பையும் கையால் தடவித்தான் கட்டுவார். கிழிசல் இருந்தால் அவர் கைக்குத் தெரியாமலா போயிருக்கும்?

உன் அண்ணன் மனம் விட்டுப் பேசுவது உன்னிடம் மட்டும்தான். ஆனாலும் நீ எதுவும் கேட்கவேண்டாம். கேட்டால் நத்தை மாதிரி உள்ளே போய்விடுவார். அடுத்த ஞாயிறு அவர் கூப்பிடும்போது பனியைப் பற்றிப் பேசு, சுக்கானுக்கு வார்னிஷ் எத்தனை பூச்சு ஆயிற்று என்று மட்டும் சும்மா விசாரி. எனக்கு எழுது.

மாடி முழுக்கப் பாயை விரித்துப் போட்டிருக்கிறேன். நடக்க இடமில்லை, வீடெல்லாம் உப்பு வாசனை. ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்துவிட்டேன், ஒரு நூல்கூடப் பிரியவில்லை. அதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே, கண்ணே.

உடம்பைப் பார்த்துக்கொள். உங்கள் பனி உன்னிடம் இரக்கமாக இருக்கட்டும்.

வசந்தம் வரைக்குமாவது,
உன் அண்ணி
போடில்