எந்தக் கடையிலை சாப்பிட்டனீங்கள்?

நேற்று யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இறங்கியதும் மீன்குழம்பு மணத்தது. புதிதாக ஒரு சாப்பாட்டுக்கடை திறந்திருக்கிறார்கள். வாசலில் பலூன், கண்ணாடிக் கதவு, உள்ளே குளிர்காற்று. நீர் இருந்திருந்தால் வெளியிலேயே நின்று, குழம்புக்குப் புளி காணாது என்று மணத்தை வைத்தே தீர்ப்புச் சொல்லியிருப்பீர். எனக்கு நல்ல பசி. ஆனாலும் எந்தக் கடைக்குப் போவதென்று பிடிபடாமல் ஒரு தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஏறிவிட்டேன். நீர் போய் இரண்டு மாதமாகியும் இந்த விஷயத்தில் எனக்குச் சுயபுத்தி வரவில்லை.

எப்படி வரும்? கரம்பொனில் பஸ் ஏறும்போதே நீர் தொடங்கிவிடுவீர். உமக்குப் புகையிலைத் தோட்டத்துக்கு உரம், எனக்கு வலைநூல். வீட்டில் சொல்லும் காரணங்கள் அவை. உண்மைக் காரணம் மத்தியானச் சாப்பாடு. ஆஸ்பத்திரி வீதிக் கடையில் நண்டு நல்லது, ஆனால் சோறு குழையும். சந்தைக்குப் பின்னால் இருப்பவனின் பாரைக்குழம்பு திறம், ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் இறங்காது. மண்டைதீவுச் சந்தி தாண்டும்போது மூன்று கடை கழிந்திருக்கும். பண்ணைப் பாலத்தில் மிச்சம் இரண்டு. இறங்கி நடக்கும்போது புதிதாக மூன்றாவது கடை ஒன்று வந்து சேரும். கடலில் பிடிக்கிறவன் நான், ருசி பார்த்துச் சொல்வது நீர் என்று அப்போதே பங்கு பிரிந்துவிட்டது.

தொண்ணூற்றாறில் உம்முடைய மகன் சைக்கிளில் யாழ்ப்பாணம் போனான். ஆமிச் சோதனையில் மறித்து இறக்கியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. நீரும் உம்முடைய மனைவியும் நயினாதீவு அம்மாளுக்கு நேர்த்தி வைத்தீர்கள். பிள்ளை வீட்டுக்கு வரும்வரை மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் தொடுவதில்லை. என் சைக்கிள் மீன்பெட்டி உங்கள் படலை வாசலில் நிற்பது அன்றோடு நின்றது.

மாதா மாதம் மகனைப் பற்றி விசாரிக்க ஒரு கந்தோருக்குப் போனோம். பிறகு சைவக்கடை. அதிலும் உமக்கு நாலு கடை, நாலு குற்றம். "நீர் போய் மீன் சாப்பிடும். நான் வெளியிலை நிக்கிறன்" என்பீர்.

"உம்மை வெயிலிலை நிப்பாட்டிப்போட்டு எனக்கு இறங்காது."

"உங்கடை சுவாமிமார் கெட்டிக்காரர். வெள்ளிக்கிழமை இறைச்சிதான் ஆகாது. மீனை மரக்கறியோடை சேர்த்துவிட்டிட்டினம்."

சிலுவை போட்ட வேதக்காரனான என்னைச் சீண்டுவதற்கு அந்தக் காலத்திலும் உமக்குத் தெம்பிருந்தது. சாம்பாரைப் பிசைந்துகொண்டு அடுத்த மேசைக்காரன் எழும்பிப் போகும்வரை பேசுவீர்.

பிறகு சண்டை ஓய்ந்து, கொழும்புப் பாதை திறந்தது. சிறைகளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருநாள் நீர் கந்தோருக்குள் போக, நான் வெளியே வேப்பமர நிழலில் நின்றேன். வெளியே வந்தீர். நான் வழக்கம்போலச் சைவக்கடைப் பக்கம் திரும்ப, நீர் திரும்பவில்லை.

"இண்டைக்கு மீன் சாப்பிடுவம்."

நேர்த்தி வைத்தவன் மீன் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் உம்முடைய இரண்டு கையையும் பிடித்தேன். "அம்மாள் கண் திறந்திட்டா. எங்கையாம் பெடியன்?"

"முதல்லை சாப்பிடுவம்."

முதலில் கண்ட கடைக்குள் நீர் நுழைந்தபோதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. சந்தோஷத்தில் பாரைக்குழம்பும் கணவாய்ப் பொரியலும் நானே சொன்னேன். நீர் தலை நிமிராமல் சாப்பிட்டீர். உப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை, புளியைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் கை அப்படியே நின்றுவிட்டது.

"உள்ளுக்கை ஒரு பெடியனைக் கண்டனான். விடுதலையாகி வந்தவன். என்ரை மகனோடை ஒரே அறையிலை இருந்தவனாம்" என்றீர். "பிடிச்ச அடுத்த வருசமே முடிஞ்சுதாம். தான் பக்கத்திலை இருந்தவனாம்."

கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது, உமக்கு வரவில்லை.

"வீட்டிலை சொல்ல ஏலாது. அவளுக்கு அந்த நேர்த்திதான் மிச்சம். அதையும் பறிச்சா என்னத்தைப் பிடிச்சுக்கொண்டு இருப்பாள்?"

எழும்பியதும் கடைக்காரனிடம் பாதித் தேசிக்காய் வாங்கி, விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினீர். மீன் மணம் போய்விட்டதா என்று என்னிடம் கையை நீட்டினீர். போய்விட்டது என்றேன்.

அதற்குப் பிறகும் மாதா மாதம் விசாரிக்கப் போவதாகச் சொல்லியே புறப்பட்டோம். விசாரிக்க ஒன்றும் இல்லை. மீன் சாப்பிட்டோம், தேசிக்காய் தேய்த்தோம், பஸ் ஏறினோம். வீட்டில் நீர் மனைவியோடு மரக்கறியே சாப்பிட்டீர். சில மாதம் கழித்து ஒருநாள் "இவன்ரை குழம்புக்கு உப்புக் கூட" என்று முகத்தைச் சுளித்தீர். எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? அடுத்த முறை பண்ணைப் பாலத்தில் மீண்டும் கடைகளைக் கழிக்கத் தொடங்கினோம்.

உம்முடைய எட்டுச் செலவுக்கு வந்தேன். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். குசினியில் கத்தரிக்காயும் வாழைக்காயும் வெந்துகொண்டிருந்தன. உம்முடைய மனைவி என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார்.

"அண்ணை, நீங்கள் ரெண்டு பேரும் யாழ்ப்பாணத்திலை எந்தக் கடையிலை மீன் சாப்பிட்டனீங்கள்?"

"தங்கச்சி, நாங்கள் சைவக்கடையிலைதான்..."

"மரக்கறி சாப்பிட்ட கைக்கு என்னத்துக்கண்ணை தேசிக்காய்? இத்தனை வருசமா மணக்குது." அவர் கோபிக்கவில்லை. "பாவம், மீன் எண்டா உயிரை விடுற மனிசன். எவ்வளவு காலமெண்டு அடக்கிறது? நான் அவருக்காக அம்மாளிட்டை மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்."

வாயைக் கட்ட ஏலாமல் நேர்த்தியை மீறினீர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பெயரோடுதான் நீர் போயிருக்கிறீர். நான் மறுக்கவில்லை. கடையைச் சொன்னேன். ஆள் அனுப்பி மீன்குழம்பு எடுப்பித்து, உமக்கு மட்டும் தனி இலையில் வைத்தார். தான் தொடவில்லை.

"என்ரை நேர்த்தி அப்பிடியே இருக்கு. மகன் வந்தாப்பிறகு முதல் மீன் நீங்கள்தான் கொண்டுவரவேணும்."

"ஓம் தங்கச்சி" என்றேன்.

உம்மில் எனக்குக் கோபம்தான். இருவராகச் சுமந்ததை என் தலையில் இறக்கிவிட்டுப் போய்விட்டீர். எட்டு முடிந்ததிலிருந்து நான் மீன்பெட்டியோடு போகும்போது அவர் படலையடிக்கு வருகிறார். "இண்டைக்கு என்ன மீன் அண்ணை?" என்கிறார். வாங்குவதற்கல்ல. மகனுக்குப் பிடித்த விளைமீன் இப்போது படுகிறதா என்று அறிந்து வைத்துக்கொள்ள. "படுது தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் சைக்கிளை மிதிக்கிறேன்.