மதகு வளைவில் ஒரு சிவப்புப் புள்ளி

குருவிநத்தம்
16.2.2025

அன்பு மகன் அரிகரனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் தங்கை சரண்யா, கறவை மாடு இரண்டும் சுகம். டிராக்டர் மட்டும் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. அதுவும் சுகம்தான், வேப்பமர நிழலில் நிற்கிறது. அந்த ரோட்டர்டாம் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன், பாதியில் உன் அம்மா போனைப் பிடுங்கித் தன் கட்சியைச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள், அதனால்தான் கடிதம்.

பொங்கலுக்கு வந்தபோது உன் வேலையைப் பற்றி அத்தனை நேரம் சொன்னாயே, எந்த இடத்தில் எத்தனை விபத்து என்று ஒழுங்காகக் கணக்கெடுத்தால்தான் விளக்கை எங்கே போடுவது என்று தெரியும், முதல் செலவை அதற்குத்தான் செய்ய வேண்டும் என்று. நான் சிரித்தேன். எவன் எங்கே விழுந்தான் என்று தெரிய கம்ப்யூட்டர் எதற்கு, டீக்கடை நாகராஜனைக் கேட்டால் போதாதா என்றேன். நீ கிளம்பிய மறுவாரமே விஜயராணி என்று ஒரு என்ஜினியர் அம்மா டேப்லெட்டோடு ஊருக்கு வந்தார். வேகத்தைப் பிடிக்கும் கேமரா, வண்டி வந்தால் தானாக மின்னும் சோலார் விளக்கு, எல்லாம் வரப்போகிறதாம், விபத்து அதிகம் நடக்கும் இடத்துக்கு முதலில். நம் மதகு வளைவுக்குக் கேட்டோம். அவர் திரையைத் தடவிப் பார்த்துவிட்டு, அஞ்சு வருஷமா இங்க ஒரு விபத்துகூட பதிவாகல ஐயா, ரொம்ப பாதுகாப்பான வளைவுன்னு வருது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அதே வளைவில் விழுந்து கால் கோணிப்போன நாகராஜனும் கைதட்டினான்.

விபத்து எப்படிப் பதிவாகும்? யார் விழுந்தாலும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது, சாயங்காலம் நாகராஜன் கடையில் இரண்டு பக்கத்தாரையும் உட்கார வைத்துப் பேசி முடிப்பது, இதுதானே நம் ஊர் வழக்கம். பேசி முடிப்பது யார்? உன் அப்பன்தான். பதினெட்டு வருஷமாக இந்த வளைவிலிருந்து ஒரு கேஸ்கூட ஸ்டேஷனுக்குப் போகவிடவில்லை என்று மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன், கைவிரல் போதவில்லை, கால்விரலுக்கு வந்துவிட்டேன். அரியாங்குப்பம் மருந்துக்கடைக்கு வேலைக்குப் போய்வர சரண்யா தினம் இரண்டு தடவை ஸ்கூட்டியில் அந்த வளைவைத்தான் கடக்கிறாள். நாளைக்கு நான் வுழுந்தாலும் டீக்கடையிலதான் பேசி முடிப்பியாப்பா என்று கேட்டாள். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன். உடனே திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. டிரெய்லர் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுங்கள் என்று அவள் வாங்கிவந்து கொடுத்ததை அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன். கரும்புக்கு எதற்கு அலங்காரம் என்றும் கேட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை பொழுது சாயும் நேரம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போனேன். சரியாக அந்த வளைவில் டயர் பஞ்சர். வண்டியை ஓரம்கட்டிவிட்டு ஜாக்கி தேடிக்கொண்டிருந்தேன், பின்னால் விளக்கும் இல்லை ரிஃப்ளெக்டரும் இல்லை, நம் தெரு ஜெயா மகன் புகழ்வேந்தன் பைக்கில் வந்து அப்படியே மோதினான். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. அவனை ஆட்டோவில் ஏற்றும்போது சரண்யாவின் ஸ்கூட்டி வந்து நின்றது. ஐந்து நிமிஷம் முன்னால் வந்திருந்தால் மோதியிருப்பது அவள்.

மறுநாள் வழக்கம்போல நாகராஜன் கடையில் கூடிவிட்டார்கள். பெஞ்சைத் துடைத்துவிட்டு, பேச்சை ஆரம்பிக்கச் சொல்லி என் முகத்தையே பார்க்கிறார்கள். விளக்கில்லாத வண்டிக்காரனும் நான், நாட்டாமையும் நான். ஜெயா அழுதுகொண்டே, உன்மேல போயி கேஸ் குடுப்பனாண்ணா, வூட்டோட பேசிக்கலாம் என்றாள். அவள் அப்படிச் சொன்னதுதான் என்னை அறைந்தது. பதிவு இல்லையென்றால் பையனுக்கு இன்சூரன்சில் ஒன்றும் கிடைக்காது என்று சரண்யா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஜெயாவைக் கூட்டிக்கொண்டு நானே ஸ்டேஷனுக்குப் போனேன். தன்மேல் கேஸ் எழுதச் சொல்லி ஆளே தானாக வந்து நிற்பதைப் பார்த்து ஏட்டய்யா இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு வளைவுக்கே வந்து போனில் படம் பிடித்து இடத்தைக் குறித்தார். விஜயராணி அம்மா பார்க்கிற அதே மேப்பில் மதகுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைச் சோதிக்கும்வரை டிராக்டர் வீட்டுக்கு வராது. வெட்டிய கரும்பு வயலில் காய்கிறது. ஊரு சண்டையெல்லாம் தீத்து வச்ச மனுசன் சொந்தத் தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிச்சு என்று உன் அம்மா வீதி முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதனால் என்ன லாபம் என்று கேட்பாய். விஜயராணி அம்மாவுக்குப் போன் செய்தேன். பழையதையெல்லாம் இப்போது சேர்க்க முடியாதாம், ஒரு புள்ளிக்கு விளக்கு வராதாம், இன்னும் சில வேண்டுமாம். நான் பேசி முடித்த பதினெட்டு வருஷப் புள்ளிகளும் இருந்திருந்தால் அந்த விளக்கு எப்போதோ எரிந்திருக்கும், புகழ்வேந்தன் இன்றைக்கு நடந்துகொண்டிருப்பான். இனி எவன் விழுந்தாலும் எழுதத்தான் வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டேன். எவனும் விழக்கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அலமாரியில் இருந்த ரிஃப்ளெக்டரோடு இன்னும் நிறைய வாங்கிவந்து சரண்யா ஊரிலிருக்கும் டிரெய்லர்களுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

நீ அங்கே சைக்கிளில் போகும்போது பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. நீண்ட ஆயுளோடு நன்றாக இருப்பா. ஒன்று மறக்காதே, உன் ஆபீசில் புள்ளிகளை எண்ணும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எண்ணு.

இப்படிக்கு,
மதகு வளைவின் முதல் புள்ளி,
உன் அப்பா
உலகநாதன்