ஸ்டுடியோக்காரரின் பேட்டிங்

ஜனவரி 12, ஞாயிறு

மறுபடியும் முட்டை. இரண்டாவது பந்தே நடு ஸ்டம்பைப் பெயர்த்துக்கொண்டு போனது. நான் மட்டையை இறக்கியபோது விக்கெட் கீப்பர் கைதட்ட ஆரம்பித்திருந்தார்.

எங்கள் கடைத்தெரு அணி இத்தனை வருஷமும் எங்களைப் போன்ற தொப்பைக்காரர்களோடுதான் ஆடியது. பந்து வந்து சேர்வதற்குள் ஒரு டீயே குடித்துவிடலாம். இந்த வருஷம் ஆசை யாரை விட்டது, லீக்கில் சேர்ந்தோம். இங்கே போடுகிறவர்கள் நிஜமாகவே போடுகிறார்கள்.

கேப்டன் என் மனைவியின் தம்பி. ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். திரும்பும்போது அவன் வண்டியில்தான் வந்தேன். என்னை இறக்கிவிடும்போது, "தப்பா எடுத்துக்காதீங்க மாமா. இன்னும் மூணு மேட்ச் பார்ப்போம்" என்றான்.

இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வது? மூன்றிலும் சொதப்பினால் மரத்தடியில் உட்கார்ந்து ஸ்கோர் எழுத வேண்டியதுதான். வாரம் முழுக்க ஜன்னல் இல்லாத என் போட்டோ ஸ்டுடியோ. ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான் என் மேல் வெயில் படுகிறது. அதுவும் போனால் — வேண்டாம், எழுதப் பிடிக்கவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கலன்றும் யோசனை சொல்ல மட்டும் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. முன்காலை நீட்டி வை என்கிறார் தையல்காரர். பின்காலில் நில் என்கிறார் மருந்துக்கடைக்காரர். இருவர் பேச்சையும் கேட்டால் நான் இரண்டாகக் கிழிந்துதான் ஆட வேண்டும். பேக்கரிக்காரர் தன் மட்டையையே கொடுத்துவிட்டார், உன் மட்டைதான் சரியில்லை என்று.

வீட்டுக்கு அதைத் தூக்கி வந்ததும் மனைவி பார்த்தாள். "ஆடத் தெரியாதவங்களுக்குக் கூடம் கோணலாம்" என்றாள். மட்டையைக் கதவுக்குப் பின்னால் சாத்தினேன்.

ஜனவரி 16, வியாழன்

திரை மாட்டும் கம்பியில் பழைய சாக்ஸைக் கட்டி, அதில் பந்தைப் போட்டுத் தொங்கவிட்டேன். ஆள் வராத நேரமெல்லாம் அடி. ஒன்றுகூடத் தவறவில்லை. மட்டையின் நடுவில், சுத்தமாக. மனுஷன் ஓடி வந்து கையைத் தூக்கினால் மட்டும் எனக்கு என்ன ஆகிறது? பயமா? பயமாகத் தெரியவில்லையே.

சாயங்காலம் ஒரு கைக்குழந்தைக்கு பாஸ்போர்ட் படம். எதிர்க்கடை ஸ்டுடியோவில் அழுது அழுது எடுக்க முடியாமல் இங்கே தூக்கி வந்தார்கள். நான் கேமராவைக் கண்ணில் வைத்ததுமே பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. என் கேமராவுக்கு முன்னால் எந்தக் குழந்தையும் அழுததில்லை. "கைராசி" என்றேன் அம்மாக்காரியிடம். இடது பக்கம் வெளிச்சத்துக்கு வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மனைவி, "ஆமாமா" என்றாள்.

ஜனவரி 19, ஞாயிறு

நாலு ரன். அதுவும் விளிம்பில் பட்டுப் போனது. அப்புறம் போல்டு. பேக்கரிக்காரர் தன் மட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

ஜனவரி 20, திங்கள்

மச்சான் உளறிவிட்டான். முதல் முட்டை விழுந்தபோதே என்னை நிறுத்தச் சொல்லிப் பேச்சு வந்ததாம். "அக்கா வந்து கேட்டுச்சு மாமா. அதனாலதான் மூணு மேட்ச்."

மனைவி போய்க் கெஞ்சி வாங்கி வந்த இடத்திலா நான் மட்டையைப் பிடித்து நின்றேன்? கடைக்குள் நுழைந்ததும் கத்தினேன். யாரு உன்னைக் கேக்கச் சொன்னா, உனக்கு கிரிக்கெட்டைப் பத்தி என்ன தெரியும், வெள்ளை அட்டையைப் பிடிக்கிறதைத் தவிர உனக்கு என்னதான் தெரியும்?

அவள் அட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு மாடி வீட்டுக்குப் போனாள். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் தேவலை.

ஜனவரி 26, ஞாயிறு

ஒரு ரன். இன்னும் ஒரு மேட்ச்தான் இருக்கிறது.

மனைவி கேமராவோடு மைதானத்துக்கு வந்திருந்தாள். ஹார்டுவேர் கடைச் சுவரில் மாட்ட ஆளுக்கொரு படம் வேண்டும் என்று தம்பி கேட்டானாம். எல்லாரையும் எடுத்தாள். நான் ஆடும்போதும் எடுத்தாள். சாப்பாடு மேஜைக்கு வருகிறது, பேச்சு வருவதில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

படங்களைப் பிரிண்ட் போட்டுக் கவரில் வைத்திருந்தாள். தையல்காரர் இருக்கிறார், மச்சான் இருக்கிறான், தண்ணீர் கேன் கூட இருக்கிறது. என்னைக் காணோம். வீம்பை விட்டு நானே கேட்டேன்.

"நல்லதா ஒண்ணும் வரல. எல்லாத்துலயும் கண்ணை மூடியிருந்தீங்க. அழிச்சிட்டேன்."

கண் மூடிய படத்தை உடனே அழிக்க வேண்டும் என்பது எங்கள் கடைச் சட்டம். போட்டவனும் நான்தான். அப்படியே விட்டிருப்பேன். ஆனால் 'எல்லாத்துலயும்' என்ற வார்த்தை காதிலேயே நின்றது.

"எல்லாத்துலயுமா? ரெண்டு கண்ணையுமா?"

"இடது கண்ணு மட்டும். நீங்க கேமரா பாக்குறப்ப மூடுவீங்களே, அதே மாதிரி. பந்து போடுறவன் கையைத் தூக்குன உடனே."

உட்கார்ந்துவிட்டேன்.

எத்தனை வருஷமாக வலது கண்ணைக் கேமராவில் வைத்து இடது கண்ணை மூடியிருக்கிறேன். எதிரில் இருப்பவர் அசையாமல் நிற்கும் அந்த ஒரு நொடி, இதோ அழுத்து என்னும் நொடி — கண் தானாகவே மூடிக்கொள்ளும். பந்து போடுகிறவன் கையைத் தூக்கும் நொடியும் அதேதான். நான் வலது கைக்காரன், பக்கவாட்டில் நிற்பவன். பந்து வரும் திசைக்குப் பக்கத்தில் இருப்பது இடது கண். அதை மூடிவிட்டு, வலது கண்ணால் மூக்குக்கு மேலே எட்டிப் பார்த்து ஆடியிருக்கிறேன். மெதுவான பந்து என்றால் கண்ணைத் திறக்க நேரம் இருந்தது. சாக்ஸுக்குக் கை கிடையாது.

சொன்னதை அவள் நம்பவில்லை. மட்டையை என் கையில் கொடுத்தாள், ஒரு காகிதத்தைக் கசக்கி உருட்டினாள், கடைக் கதவிலிருந்து ஓடி வந்து கையைத் தூக்கினாள்.

"மூடுறீங்க."

மறுபடி ஓடி வந்தாள்.

"மூடுறீங்க."

எட்டு நாளைக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அடுத்த காகிதம் வந்துவிட்டது.

ஜனவரி 31, வெள்ளி

காலையில் மொட்டை மாடி. அவள் ரப்பர் பந்தைப் போடுகிறாள், நான் அடிக்கிறேன். கை மேலே போகும்போதெல்லாம் "கண்ணு" என்று ஒரு அதட்டல். துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு அம்மா, என்னைத்தான் கண்ணே என்று கொஞ்சுகிறாள் என்று நினைத்துத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

முப்பத்தொன்று.

பந்து, போடுகிறவன் விரலை விட்டுக் கிளம்புவதைப் பார்த்தேன். அதன் தையல் சுழல்வதைப் பார்த்தேன். இத்தனை காலம் இவ்வளவு பெரிய பந்தா வந்துகொண்டிருந்தது? பேராசையில் ஒன்றைத் தூக்கி அடித்து அவுட் ஆனேன். பரவாயில்லை, கண்ணைத் திறந்துகொண்டே அவுட் ஆனேன்.

"அடுத்த வாரம் மூணாவதா இறங்குங்க மாமா" என்றான் மச்சான். கடையைப் பார்த்துக்கொண்டு மனைவி அங்கேயே இருந்துவிட்டாள். ஓடிப் போய்ச் சொன்னேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

புது வம்பு. இப்போது கேமராவுக்குப் பின்னாலும் இடது கண் மூட மறுக்கிறது.

மத்தியானம் ஒரு குழந்தை வந்தது. கடையே இடிந்து விழும்படி அழுகை. கேமராவை வலது கண்ணில் வைத்தேன். இடது கண் திறந்தே இருந்தது. அதில் என் மனைவி தெரிந்தாள்.

அட்டையை ஒரு கையில் நேராகப் பிடித்தபடி கன்னத்தை உப்பி, முழியை உருட்டி, நாக்கால் மூக்கைத் தொடப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை வாயைப் பிளந்து சிரித்தது. நான் அழுத்த மறந்து நின்றேன்.

"எடுங்க, அசையுது பாருங்க."

எடுத்தேன். அவர்கள் போன பிறகு, "எவ்வளவு நாளா இதைப் பண்றே?" என்று கேட்டேன்.

"கடை திறந்த நாளா."

கைராசி, கைராசி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே. அதைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் நின்றிருக்கிறாள். அன்றைக்கு அட்டையைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். முழுசாக, சாக்குப்போக்கு இல்லாமல். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி சரி என்றாள்.

சாயங்காலம் இன்னொரு குழந்தை வந்தது. கேமராவை அவளிடம் கொடுத்துவிட்டு நான் அட்டையைப் பிடித்தேன். கன்னத்தை உப்பி, முழியை உருட்டினேன். சும்மா இருந்த குழந்தை வீறிட்டு அழுதது.

"விடுங்க," என்றாள் கேமராவுக்குப் பின்னாலிருந்து. "இன்னும் மூணு மேட்ச் பார்ப்போம்."