கிறிஸ்துமஸுக்கு அல்ல, பேரிக்காய் உதிருமுன்

ஹோலின் பண்ணை,
ஹியர்ஃபோர்ட்ஷயர்.
ஆகஸ்ட் 28

அன்பு மகள் ஹெஸ்டருக்கு,

அப்பா எழுதுவது. முழங்காலைத் தவிர உடம்பில் மற்றதெல்லாம் இன்னும் என் சொல் கேட்கிறது. டாஸ்மேனியாவில் குளிர் விட்டிருக்காது, ஆடுகளுக்கு வைத்தியம் பார்க்கப் போகும்போது கழுத்தை மூடிக்கொள்.

இங்கே உன் அண்ணன் க்ளைவ் திடீரென்று நல்லவனாகிவிட்டான், எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. ஞாயிறு தவறாமல் எனக்குப் பிடித்த பன்றிக்கறி அப்பம் வாங்கி வருகிறான். அவன் மனைவி டெனிஸ் தரையைப் பெருக்குகிறாள், தொலைபேசியை அவளே எடுத்து நான் தூங்குவதாகச் சொல்கிறாள். நான் பகலில் தூங்கி நீ பார்த்திருக்கிறாயா? போன வாரம் மஞ்சள் சட்டைக்காரர்கள் இருவர் பேரித்தோப்பில் முக்காலி மேல் கருவி வைத்து அளந்தார்கள். கேட்டதற்கு, “கிளையைக் கவாத்து பண்ண அளக்குறாங்கப்பா” என்றான் க்ளைவ். கவாத்துக்கு எவனாவது மரத்தை விட்டுவிட்டுத் தரையை அளப்பானா?

வீட்டையும் நிலத்தையும் டிரஸ்டில் போட்டு உங்கள் இருவரையும் டிரஸ்டிகளாக்கியவன் நான். இருவரும் கையெழுத்துப் போடாமல் ஒரு வேலிக்கம்பைக்கூட விற்க முடியாது. வக்கீல் பஃப்டன் அன்றே சொன்னார், “எட்வின், பலன் பெறுறவங்கள்ல உங்க பேரு இல்ல. வரிக்கு அது நல்லதுதான், ஆனா குடியிருக்க ஒரு வாடகைச் சீட்டாவது எழுதிக்குங்க” என்று. பிறந்த வீட்டில் இருக்க எனக்கு வாடகைச் சீட்டா என்று எழுந்து வந்துவிட்டேன். இன்றைக்குச் சொன்னாலும் எழுந்துதான் வருவேன்.

விற்க நீ சம்மதிக்கவில்லை. க்ளைவ் பலமுறை கேட்டான், பிறகு கேட்பதையே விட்டுவிட்டான். ஏன் விட்டான் என்று நூலகத்தில் உட்கார்ந்து நானே படித்துக் கண்டுபிடித்தேன். ஒரு டிரஸ்டி தொடர்ந்து பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால், அவளைக் கேட்காமலே மற்ற டிரஸ்டி அவளுக்குப் பதில் வேறு ஆளைப் போடலாம். அந்த வேறு ஆள் டெனிஸ் என்பதற்குப் புத்தகம் வேண்டாம். போன வருஷம் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு நீ கிளம்பியபோது பேரிக்காய் உதிர்ந்துகொண்டிருந்தது. இப்போது காய் மஞ்சளாகிறது, அது உதிரும்போது உன் பன்னிரண்டு மாதம் முடிந்துவிடும். பஃப்டனிடம் போய்க் கேட்டேன். “படிச்சது சரிதான். நடுவுல ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போனாலும் அந்தப் பன்னிரண்டு மாசக் கணக்கு அறுந்துடும்” என்றார்.

நேற்று க்ளைவ் சொல்கிறான், “அவ இப்ப எதுக்குப்பா வீணா அலையணும்? கிறிஸ்துமஸுக்கு வரட்டும், டிக்கெட்ட நான் எடுக்குறேன், எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்” என்று. எந்த வீட்டில் என்று கேட்டேன். டெனிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த டிக்கெட் வந்தால் திருப்பி அனுப்பு. நான் கெஞ்சவில்லை, அது எனக்கு வராது. நீ டிரஸ்டி, உன் வேலையைச் செய் என்கிறேன். செப்டம்பர் முடிவதற்குள் வந்துவிடு. வரும் செய்தியைத் தொலைபேசியில் சொல்லாதே. விமானச் சீட்டின் துண்டைப் பத்திரமாக வை, நீ வந்ததற்குச் சாட்சியாக அண்ணனிடம் காட்ட வேண்டியிருக்கும்.

கடவுள் உன் வழியெல்லாம் துணை இருக்கட்டும். மறந்துவிடாதே, வந்ததும் பின்பக்கமாக வா. முன் கதவுக்குப் புதுப் பூட்டு போட்டிருக்கிறார்கள். சாவி என்னிடம் இல்லை.

இன்னும் இந்த வீட்டில் இருக்கும்
உன் அப்பா
எட்வின் ப்ரோசர்