மூடுபனிக்குக் கட்டிய சேலைக் கயிறு

தெமோதரை

அன்பு மகள் மதுஷாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உயிரோடும் வாயோடும் இருக்கிறோம். நீயும் மருமகனும் குட்டியும் கத்தார் வெயிலில் கருகாமல் சுகமாக இருக்க முருகனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணத்துக்கு உன் மாமியார் எனக்கு எடுத்துத் தந்தாரே கத்தரிப்பூக் கலரில் சரிகைச் சேலை, அது இப்போது என் பெட்டியில் இல்லை, மலையில் கட்டியிருக்கிறது. போனில் சொன்னால் மருமகன் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார், அதனால்தான் லீவு முடிந்து அங்கே வருகிற கிருஷ்ணராஜ் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன், படித்ததும் கிழித்துப் போடு.

நடந்தது இதுதான். மழைக் காலத்துக்கு முன்னால் கொழும்பிலிருந்து படம் வரையப் படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் வந்தார்கள். மண்சரிவு வந்தால் என்ன செய்வீங்க என்று கேட்டார்கள், ஓடுவோம் என்றேன். பனி மூடிக் கண் தெரியாட்டி எப்படிம்மா ஓடுவீங்க என்றார்கள். அதற்கு ஒரு வழியும் அவர்களே சொன்னார்கள். வீட்டுக்கு ஒரு பழைய சேலை வாங்கி, மூன்று மூன்றாகப் பின்னி, நம் லயத்து வீட்டு வரிசையிலிருந்து மேட்டுப் பள்ளிக்கூடம் வரைக்கும் பாதையோரம் கம்பு நட்டு, கயிறாகக் கட்டினோம். கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவியே போய்விடலாம். ஒரு முடிச்சு வந்தால் படி, சேர்ந்தாற்போல் இரண்டு முடிச்சு வந்தால் பக்கத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற ஆழமான கான், காலை வைக்காதே. பார்க்கவும் அழகு, திருவிழாப் பாதை மாதிரி. என்னிடம் இருக்கிற பழசெல்லாம் நான் கட்டுகிற சேலை, கட்டாதது அது ஒன்றுதான். அதைக் கட்டினால் அவித்த கத்தரிக்காய் மாதிரி இருக்கே என்று உன் அப்பாவே சொன்னார்.

இனிச் சொல்லப்போவதைச் சாப்பிட்ட பிறகு படி. கட்டி ஒரு கிழமை ஆகவில்லை, நம் சனம் அந்தக் கயிற்றில் துணி காயப்போட்டுவிட்டது. பாவாடை, தேயிலைக் கொழுந்துச் சாக்கு, பிள்ளைகளின் மூத்திரத் துணி, தொட்டால் கை நாறும். நம் லயத்து இராசையா அண்ணனின் கால்சட்டை மட்டும் அங்கேயே குடித்தனம். இது உயிர் பிடிக்கிற கயிறு அண்ணே என்றால், மலை இன்னைக்கு வரலையே தங்கச்சி, கால்சட்டைதானே ஈரமா இருக்கு என்கிறார். மீரியபெத்தையில் ஒரு லயமே மண்ணுக்குள் போனதற்கு அழுத மனிதர் பேசுகிற பேச்சா இது. தோட்டத்து ஆபீசில் போய்ப் புது வீடு எப்ப தருவீங்க என்று கேட்டால், அதான் கயிறு கட்டியாச்சே என்கிறார் ஐயா. எனக்கு வந்த அருவருப்புக்கு அவர் மேசையிலேயே துப்பியிருப்பேன், வாயில் வெற்றிலை இல்லை.

பிறகு அந்த மழை. மலை ஊற்று விழுகிற பீலியில் குடம் வைத்தால் தண்ணீர் சேறாக வந்தது. பீலி கலங்கினால் மலை அசைகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குடத்தைப் போட்டுவிட்டுக் கத்தினேன், கோயில் மணியை அடித்தார்கள். பகல்தான், ஆனால் என் கையே எனக்குத் தெரியாத பனி. எல்லோரும் கயிற்றைப் பிடித்தோம், கயிறு எங்கே இருக்கிறது, கைக்கு வந்ததெல்லாம் ஈரத்துணி. உன் அப்பா எனக்கு முன்னால் போனார். கானோரத்து இரண்டு முடிச்சும் அவர் கையில் தட்டியிருக்க வேண்டும், ஆனால் அதன்மேல் இராசையா அண்ணனின் கால்சட்டை கிடந்தது. அப்பா காலை வைத்தார், ஆளைக் காணோம். குனிந்து கைக்கு அகப்பட்ட அவர் இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்தேன். முதலில் சாரம் வந்தது, நல்லவேளை அப்பாவும் ஒரு கையால் அதைப் பிடித்திருந்தார். கீழே தண்ணீர் கல்லை உருட்டிக்கொண்டு போன சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை மகள். அதற்குப் பிறகு போகிற வழியெல்லாம் துணியைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்துகொண்டே போனேன், பின்னால் வருகிற பிள்ளைகளுக்காவது முடிச்சு தட்டட்டும் என்று. நாங்கள் பள்ளிக்கூடம் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மண் இறங்கிப் லயத்தின் பின்பக்கச் சமையல் குசினிகளை மூடிவிட்டது. ஆள் ஒன்றும் போகவில்லை.

இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் படுக்கிறோம். நேற்றுப் போய்ப் பார்த்தேன், சரிந்த மண் காயவில்லை, கயிற்றில் துணி காய்கிறது. அதே கால்சட்டை. சீ என்று ஆகிவிட்டது. இனித் தினமும் காலையில் போய் எல்லாவற்றையும் பிடுங்கிச் சேற்றில் போடப்போகிறேன், என்னைப் பேய் என்று சொன்னாலும் சரி. ஆனால் உன்னையும் விடமாட்டேன். நெருப்புப் பிடித்தால் இறங்குகிற படியில் குட்டியின் சைக்கிளும் அரிசி மூட்டையும் அடுக்கி வைத்திருக்கிறாயே, வீடியோவில் பார்த்தேன். இராசையா அண்ணனுக்குத் தங்கச்சி மகள் என்று நிரூபிக்காமல், இதைப் படித்த கையோடு எடு.

குட்டிக்கு என் முத்தம். மருமகனை எண்ணெய்ப் பலகாரம் குறைக்கச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். சேலை விசயம் உன் மாமியார் காதுக்குப் போகக்கூடாது, ஞாபகம் இருக்கட்டும்.

உன்னையே நினைக்கும் அம்மா,
பாக்கியலெட்சுமி

ஒட்டுவதற்குள் இன்னொன்று. இன்று உன் மாமியார் வெலிமடையிலிருந்து ஒரு பை கரட்டும் லீக்ஸும் கொண்டு வந்தார். மண் விழுந்த லயத்தைப் பார்க்க வேண்டும் என்றார். வழுக்கும், கயித்தப் பிடிச்சுக்கிட்டு வாங்க சம்பந்தி என்றேன். பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு முடிச்சுக்குப் பக்கத்தில் நின்று சரிகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கயிற்றை விட்டார், பையோடு கானுக்குள் போனார். கானில் இப்போது முழங்கால் தண்ணீர்தான். கரட்டை எடுத்துவிட்டோம்.